துவைத்து முடிந்தது

மார்ச் 4, செவ்வாய்

வாஷிங் மெஷின் செத்துவிட்டது. பதினோரு வருடம் உழைத்தது. நேற்றே உள்ளே கல்லை அரைப்பது போல ஒரு சத்தம். இன்று காலை தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. உள்ளே இரண்டு விரிப்பு, ஒரு போர்வை, அத்தையின் நைட்டி மூன்று. குவளையால் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு, எல்லாவற்றையும் பாத்ரூமில் போட்டுக் கையால் அலசிப் பிழிந்தேன். லேபுக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. நாள் முழுக்கப் பல் செட்டுக்கு பிளாஸ்டர் கரைக்கிற கை. இப்போது சோப்புத் தண்ணீரும் சேர்ந்து, விரல் மடிப்பெல்லாம் வெடித்திருக்கிறது.

சாயங்காலம் மச்சான் கூப்பிட்டான். நான் எதையும் சொல்வதாக இல்லை. அத்தைதான் போனை வாங்கியதும், "மெஷின் போயிடுச்சுப்பா, மாப்பிள்ளை கையால துவைக்கிறாரு" என்று சொல்லிவிட்டார். எவ்வளவு துவைக்கிறேன், ஏன் துவைக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை.

"அத்தான், நீங்க எதுவும் வாங்காதீங்க. இங்கிருந்தே ஆர்டர் போடறேன். நல்லதா ஒண்ணு."

விமானத்தில் நாலு மணி நேரம் தள்ளி இருக்கிறான். அவன் அக்கா, என் மனைவி, போய் மூன்று வருடம் ஆகிறது. அம்மாவைத் தன்னோடு அழைத்துப்போகிறேன் என்று அப்போதே சொன்னான். அத்தைதான், "அவ இருந்த வீடு, நான் இங்கயே இருக்கேன்" என்றார். போங்கள் என்று நானும் சொல்லவில்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. தனியாக இருந்து எனக்குப் பழக்கம் கிடையாது.

மார்ச் 8, சனி

புது மெஷின் வந்துவிட்டது. இரண்டு பேர் தூக்கிவந்து பொருத்தினார்கள். கண்ணாடிக் கதவு, முன்பக்கம் ஒரு சின்னத் திரை. எல்லாம் முடிந்ததும் ஒருவர், "வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்க சார்" என்றார்.

"துணி துவைக்கிறதுக்கா?"

"ஆமா சார். ஆப்ல சேர்த்தாதான் எல்லா வசதியும் வரும். ஆர்டர் போட்டவர் பேர்ல ஏற்கெனவே கணக்கு இருக்கு. உங்களை அதுல உறுப்பினரா சேர்த்துடறேன்."

அதாவது மெஷின் என் வீட்டில். சொந்தக்காரன் மச்சான். நான் உறுப்பினர்.

அத்தை ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். "எங்க காலத்துல ரெண்டு பேர் பேசறப்ப ஆபரேட்டர் லைன்ல இருந்து கேட்டா வேலை போயிடும். இதுல யார் லைன்ல இருக்காங்க?" என்று கேட்டார். வந்தவர்கள் சிரித்தார்கள். அத்தை விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

மச்சான் வீடியோவில் வந்து ஒவ்வொரு பட்டனாகச் சொல்லிக்கொடுத்தான். துவைத்து முடித்ததும் அவன் போனுக்கும் செய்தி போகுமாம். எதற்கு என்று வாய் வரை வந்தது. இவ்வளவு பெரிய பொருளை வாங்கி அனுப்பியவனிடம் எப்படிக் கேட்பது.

மார்ச் 11, செவ்வாய்

காலை ஐந்து மணி. கையில் ஈர விரிப்பு. திரையில்: "புதுப்பிக்கப்படுகிறது. காத்திருக்கவும்."

நாற்பது நிமிடம். துணி துவைக்க வேண்டிய பெட்டி தன்னைத்தானே சீர்படுத்திக்கொண்டு நிற்கிறது. நான் அதன் முன்னால் விரிப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முடிந்ததும், புதிய நிபந்தனைகளை ஏற்கிறீர்களா என்று கேட்டது. ஏற்கிறேன். எதை வேண்டுமானாலும் ஏற்கிறேன், துவைத்துக்கொடு.

லேபில் மெழுகுவிடம் சொன்னேன். மெழுகில் பல் செதுக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதனால் பெயரே அப்படி ஆகிவிட்டது. "எங்க அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் இதுக்கும் மேலய்யா" என்றார். "பால் தீர்ந்துபோச்சுன்னு போனுக்குச் செய்தி அனுப்புது. சரி, தீர்ந்துபோச்சு. மூணு மாடி இறங்கிப் போய் வாங்கிட்டு வர்றது யாரு? அக்காதானே. அது ஃபிரிட்ஜ் இல்ல, மாமியார்."

பஸ்ஸில் வரும்போதும் சிரிப்பு வந்தது.

மார்ச் 14, வெள்ளி

இன்று மூன்று முறை துவைத்தாயிற்று. முதுகு விட்டுப்போகிறது.

மார்ச் 16, ஞாயிறு

மச்சான் கூப்பிடும் நாள். "அம்மா எப்படி இருக்காங்க?" "நல்லா இருக்காங்க." இந்தப் பதிலை ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இங்கேயாவது எழுதி வைக்கிறேன். அக்டோபரில் ஒருநாள் அத்தையின் அறையில் வாடை. கட்டிலுக்கு அடியில் ஒரு விரிப்பு, சுருட்டி வைத்தபடி காய்ந்துபோயிருந்தது. ஒன்றும் கேட்காமல் எடுத்துத் துவைத்துவிட்டு, மெத்தையில் வேறு விரிப்பைப் போட்டேன். மறுநாளும் அப்படியே. நாலாவது நாள், காபியை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மாப்பிள்ளை, ஒரு விஷயம். அடக்க முடியல. எழுந்து போறதுக்குள்ள..."

"பரவாயில்ல அத்தை."

"அவனுக்குத் தெரிய வேண்டாம். அவன் பொண்டாட்டிக்கும். டாக்டர்கிட்ட கூட வேண்டாம். உங்களுக்குத் தெரிஞ்சதே எனக்கு..."

"யாருக்கும் தெரியாது அத்தை."

அவ்வளவுதான் பேச்சு. பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு பாக்கெட் வாங்கிவந்து அவர் அலமாரியில் வைத்தேன். மறுநாள் அது பிரிக்காமல் என் மேசைக்கு வந்திருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. காலையில் விரிப்பை எடுக்க நான் உள்ளே போனால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நானும் மழை வரும்போல இருக்கு, வெயில் ஏறிடுச்சு என்று எதையாவது சொல்லிக்கொண்டே எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

மகள் செய்ய வேண்டியதை மருமகன் செய்கிறேன். அவருக்கு அதில்தான் கூச்சம். எனக்கு இல்லை என்று எழுதினால் பொய்.

மார்ச் 22, சனி

மச்சான் அடுத்ததை அனுப்பிவிட்டான். தரை பெருக்கும் மெஷின். தட்டையாக, வட்டமாக, வீடு முழுக்கத் தானே ஊர்ந்து பெருக்குமாம். பார்த்ததும் அத்தை "ஆமை" என்று பெயர் வைத்துவிட்டார். "உங்க வேலையைக் குறைக்கத்தான் அத்தான்" என்றான். அவன் மனசு எனக்குத் தெரியாதா.

ஆமை இன்று மதியம் அத்தையின் செருப்பை இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. "உதவி தேவை, உதவி தேவை" என்று கத்தல். நான் லேபில். மச்சான் அங்கிருந்து எனக்குப் போன் போடுகிறான், "அத்தான், ஆமை மாட்டிக்கிச்சாம்." அவ்வளவு தூரத்தில் இருப்பவனுக்குத் தெரிந்துவிட்டது. கட்டில்மேலேயே உட்கார்ந்திருக்கும் அத்தையால் குனிய முடியாது. குனியக்கூடிய நான் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போகவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் பேட்டரி தீர்ந்து அடங்கிக் கிடந்தது.

"ரொம்ப நேரம் கூப்பிட்டுது, பாவம்" என்றார் அத்தை.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. உதவி தேவை என்று அது எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறது.

மார்ச் 27, வியாழன்

நான் செய்த கேப் ஒன்று, பல்லுக்கு மேல் மாட்டும் உறை, பல் டாக்டரிடமிருந்து திரும்பி வந்தது. கடிக்கும்போது உயரமாக இடிக்கிறதாம். இந்த மாதம் இது மூன்றாவது. முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உங்க கை வேலைதான் வேணும்னு டாக்டருங்க கேட்டு வாங்குவாங்க. என்ன ஆச்சு?" என்றார். தூக்கம் சரியில்லை என்றேன். அச்சில் பிளாஸ்டரை ஊற்றிவிட்டு, அது இறுகும்வரை என்று கண்ணை மூடினேன். மெழுகு தோளைத் தட்டும்போது மணி மூன்று.

ஏப்ரல் 2, புதன்

கேப் வேலை இனிமேல் மெழுகுவுக்கு. நான் பிளாஸ்டர் ஊற்றினால் போதுமாம். "கொஞ்ச நாளைக்குத்தான், ஓய்வா இருக்கும்" என்றார் முதலாளி. இருபத்திரண்டு வருடம்.

வீட்டில் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல.

ஏப்ரல் 5, சனி

"அத்தான், அந்த மெஷின்ல ஏதோ கோளாறு இருக்கும்போல."

"இல்லையே. நல்லாத்தானே ஓடுது."

"ரொம்ப ஓடுதே. நாலு வாரத்துல எழுபத்தெட்டு தடவை ஓடினதா காட்டுது. எங்க வீட்ல நாலு பேர், வாரத்துக்கு மூணு தடவைதான் போடறோம்."

லேப் ஆட்கள் எல்லோருடைய வேலைக் கோட்டுகளையும் நான்தான் கொண்டுவந்து துவைக்கிறேன் என்றேன். பிளாஸ்டர் தூசி, அடிக்கடி அழுக்காகும் என்றேன்.

"காலைல அஞ்சு மணிக்கா?"

"அப்பதான் தண்ணி நல்லா வரும்."

"சரி அத்தான்" என்று வைத்துவிட்டான். அந்தச் 'சரி' சரியில்லை.

திரும்பிப் பார்த்தால் அத்தை கதவோரமாக நிற்கிறார். "அவன்தான் லைன்ல இருக்கானா?" என்றார். நான் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

வழி கண்டுபிடித்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு முறைதான் மெஷின். மீதியெல்லாம் கையால்.

அவ்வளவு பெரிய மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதற்குத் தெரியாமல், பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு துணி கும்முகிறேன். சத்தம் வெளியே கேட்டால் அது சொல்லிவிடுமோ என்று ஒரு கணம் கையை நிறுத்தினேன். பைத்தியம் பிடிக்கிறதா எனக்கு?

ஏப்ரல் 8, செவ்வாய்

முடியவில்லை. போர்வையைக் கையால் பிழிய முடியவில்லை. வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு மெஷினில் போட்டேன். ஓடியது. நிம்மதியாக உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகவில்லை, மச்சானின் போன்.

"அத்தான், மெஷின் இணைப்புல இல்லன்னு வருது. ஆமையும் இல்ல. வீட்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

கரண்ட் போய்விட்டது என்றேன். கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறானாம், வியாழக்கிழமை மெக்கானிக் வருவாராம். வேண்டாம் என்று சொன்னால் சந்தேகம் அதிகமாகும். வரட்டும் என்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்

மெக்கானிக் வந்தார். நடுத்தர வயது, நிதானமான ஆள். மெஷினைத் திறந்து பார்த்தார். போனை அதனோடு இணைத்துக் கொஞ்ச நேரம் எதையோ படித்தார். பிறகு ஹாலுக்கு வந்து, எனக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு உரக்கவே சொன்னார்:

"மெஷின் நல்லா இருக்கு சார். யூஸ்தான் அதிகம். எல்லாம் சுடுதண்ணியில, கறை போற மாதிரி போட்டிருக்கீங்க. வீட்ல கைக்குழந்தை இருக்கா?"

அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஆமாம்ப்பா" என்றார். "ஒண்ணு இருக்கு."

மெக்கானிக் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. பையை மூடிக்கொண்டே, "எங்க வீட்லயும் அப்பா இருக்காரும்மா" என்று மெதுவாகச் சொன்னார். அறிக்கையில் 'கோளாறு இல்லை' என்று மட்டும் எழுதினார். நல்ல மனிதர். அதனால் என்ன ஆகப்போகிறது? அத்தை எழுந்து அறைக்குள் போய்விட்டார். மதியம் சாப்பிட வரவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று ஒன்றுமில்லை. விரிப்பு காய்ந்தே இருந்தது. ஆறரை வரைக்கும் தூங்கினேன். எத்தனை மாதம் ஆகிறது.

ஏப்ரல் 14, திங்கள்

இன்றும் இல்லை. தானாகவே சரியாகிவிட்டதோ? அத்தை சோர்வாகத் தெரிகிறார், ஆனாலும் இது நல்ல சகுனம்தான். லேபில் மெழுகு, "முகத்துல களை வந்திருக்கேய்யா" என்றார்.

ஏப்ரல் 16, புதன்

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் காபி எடுத்துக்கொண்டு போனேன். அத்தை கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தார். கூப்பிட்டால் என் மனைவியின் பெயரைச் சொல்லிப் பதில் சொல்கிறார். உதடெல்லாம் வெடித்து, உடம்பு நெருப்பாகச் சுட்டது. எப்படி ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், எப்படி மாடிப்படி இறங்கினோம், நினைவில்லை.

டாக்டரம்மா கேட்டார்: "தண்ணியே குடிக்கலையா இவங்க? எத்தனை நாளா?"

எத்தனை நாளா. வியாழக்கிழமையிலிருந்து. அந்த ஆள் கேட்டுட்டுப் போன நாள்லேருந்து. தலைமாட்டுல நான் வைக்கிற ஜக்கு அப்படியே இருந்திருக்கு. அதைப் பார்க்காம, விரிப்பு காய்ஞ்சிருக்குன்னு சந்தோஷப்பட்டுட்டிருந்தேன். நல்ல சகுனமாம். மேல எழுதி வெச்சிருக்கேன், நானே. தூங்கினேன்னு வேற எழுதியிருக்கேன்.

மச்சானுக்குச் சொன்னேன். "கிளம்பி வா." வேறொன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

அத்தைக்கு நினைவு தெளிந்துவிட்டது. சிறுநீரில் தொற்று, உடம்பில் நீரே இல்லை. இரண்டுக்கும் மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது.

மச்சான் விமான நிலையத்திலிருந்து நேராக வந்தான். தாடி நரைத்திருக்கிறது. வீடியோவில் தெரியவில்லை.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் நிற்கவைத்தே கேட்டார். "அடக்க முடியாம போறது ஆறு மாசமா இருந்திருக்கு. இந்த வயசுல நிறைய பேருக்கு வர்றதுதான். மாத்திரை இருக்கு, பயிற்சி இருக்கு. ஏன் யாருமே கூட்டிட்டு வரல?"

மச்சான் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். கட்டிலிலிருந்து அத்தையின் குரல்: "அவரைக் கேட்காதீங்க. நான்தான் வேண்டாம்னேன்."

ஏப்ரல் 19, சனி

அத்தைக்கு மாற்றுத்துணி எடுக்க நானும் மச்சானும் வீட்டுக்கு வந்தோம். நான் அலமாரியில் தேடிக்கொண்டிருக்கிறேன், ஆளைக் காணவில்லை. பால்கனியில் நிற்கிறான். கொடி நிறைய விரிப்பு, நான் போன வாரம் கையால் துவைத்துக் காயப்போட்டவை, எடுக்கக்கூட நேரமில்லாமல் அப்படியே. கீழே மூன்று வாளி, பிரஷ்.

"மெஷின் இருக்கும்போது கையாலயா அத்தான்?"

"மெஷின்ல போட்டா உனக்குத் தெரியுமே."

அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். "நான் அவங்க பையன்" என்றான்.

"அதனாலதான்ப்பா சொல்ல வேண்டாம்னாங்க."

"நாங்க என்ன நெனச்சோம் தெரியுமா? ரெண்டு பேர் வீட்ல இவ்வளவு துணி எப்படின்னு... என் பொண்டாட்டி சொன்னா, அத்தான் வேற யாரையோ கூட்டிட்டு வந்து வெச்சிருக்காரு, நம்மகிட்ட மறைக்கிறாருன்னு. நானும் நம்பிட்டேன். அம்மா அதைப் பொறுத்துக்கிட்டு இருக்காங்கன்னு நெனச்சேன். அதைக் கண்டுபிடிக்கத்தான் மெக்கானிக்கை அனுப்பினேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. ஐம்பத்தாறு வயசு, வெடித்த கை, நிமிர முடியாத முதுகு, இதில் எனக்கு ஒரு காதல் குடும்பம். அவனும் சிரிக்கப் பார்த்தான், அழுகைதான் வந்தது.

அப்புறம் சொன்னான்: "ஆபீஸ்ல மீட்டிங் நடக்கும்போது 'துவைத்து முடிந்தது'ன்னு போன்ல வரும் அத்தான். வீட்டுக்குள்ள நானும் எங்கயோ இருக்கற மாதிரி இருக்கும்."

இப்போது எழுதும்போது ஆத்திரமாக வருகிறது. செய்தி வந்தா இருக்கற மாதிரி ஆயிடுமா? அப்ப நான் இருந்ததுக்குப் பேர் என்ன? ஆனால் அவன் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தவன், அதைக் கேட்க மாட்டான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அத்தையை வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டோம்.

காலையில் விரிப்பு நனைந்திருந்தது. நான் எழுவதற்குள் மச்சான் அறைக்குள் போய்விட்டான். நான் சமையலறையில் நின்றுவிட்டேன்.

"நீ வெளிய போ. மாப்பிள்ளையை வரச் சொல்லு."

"நான் மாத்தறேன்மா."

"வெளிய போன்னு சொல்றேன்ல."

"மூணு வருஷமா வாராவாரம் கேக்கறேன். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். ஒரு மெஷின் வந்துதான் எனக்கு விஷயத்தைச் சொல்லணுமா?"

"அதுக்கு வெட்கம் கிடையாது, சொல்லிடுச்சு. எனக்கு இருக்கு."

வெகுநேரம் கழித்துக் கட்டில் கிறீச்சிட்டது. "அந்தப் பக்கம் திரும்புங்கம்மா. இல்ல, இந்தப் பக்கம்" என்று அவன் திணறுவது கேட்டது. ஆளை எழுப்பாமல் விரிப்பை மாற்றத் தெரியாது அவனுக்கு. போய்ச் சொல்லிக்கொடுக்கலாமா என்று இரண்டடி வைத்தேன். வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

சுருட்டிய விரிப்போடு வெளியே வந்தான். மூக்கைச் சுளிக்காமல் இருக்க முயற்சி செய்தது தெரிந்தது. மெஷின் முன்னால் நின்று, "எந்த பட்டன் அத்தான்?" என்றான். எல்லா பட்டனையும் வீடியோவில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவன்.

ஏப்ரல் 24, வியாழன்

மாத்திரை கேட்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து போய்வரப் பழக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. எழுபத்தெட்டு, எண்பது என்று துவைத்துக்கொண்டிருந்ததற்கு ஒரு மாத்திரை இருந்திருக்கிறது.

வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவருக்காகவா? இல்லை, அந்தப் பேச்சை எடுக்க எனக்கே கூச்சமாக இருந்ததாலா? விரிப்பு துவைப்பது சுலபம். ஒரு டாக்டர் முன்னால் மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சொல்வது சுலபமில்லை. சுலபமானதைச் செய்துவிட்டு, கஷ்டப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த மெஷின் கணக்கெடுத்ததால்தான் அத்தை தண்ணீரை நிறுத்தினார். தண்ணீரை நிறுத்தியதால்தான் டாக்டரிடம் வந்தோம். இதை நல்லது என்று எழுதுவதா, கெட்டது என்று எழுதுவதா. தெரியவில்லை. தூக்கம் வருகிறது.

மே 3, சனி

மச்சான் லீவை நீட்டித்துவிட்டான். காலை வேலை முழுக்க அவன்தான். இப்போது மூன்று நாளைக்கு ஒரு முறைதான் விரிப்பு நனைகிறது. டயப்பர் பாக்கெட்டையும் அவன் பேசிப் பேசிப் பிரிக்க வைத்துவிட்டான். வெளியே போகும்போது மட்டும் என்று அத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

தன்னோடு வந்து மூன்று மாதம் இருக்கும்படி கேட்டான். பிறகு இங்கே மூன்று மாதம். அத்தை இரண்டு நாள் யோசித்தார். "சரி, வரேன். மாப்பிள்ளை கொஞ்சம் தூங்கட்டும்" என்றார். நான் தூங்காமல் இருந்தது அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

பிறகு கேட்டார்: "உன் வீட்லயும் இதே மெஷின்தானா?"

"இதேதான்மா."

"யார் யார் லைன்ல இருக்கீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிக்குடு. பார்த்துட்டு வரேன்."

எழுதிக்கொடுத்தான். அவன், அவன் மனைவி, மகள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்து, மருமகள் பெயரை மட்டும் பேனாவால் அடித்துவிட்டார். அவன் அப்போதே போனை எடுத்து அந்தப் பெயரை நீக்கினான். அங்கே போய் என்ன வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறானோ. இங்கே இருக்கும் மெஷினையும் என் பெயருக்கு மாற்றிவிட்டு அவன் அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டான்.

மே 10, சனி

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். அத்தை அதில் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "பின்பக்க ஜன்னலைச் சாத்திட்டு வந்தீங்களா?" என்றார். சாத்திவிட்டேன் என்றேன். "அப்ப சரி" என்றார். தள்ளிக்கொண்டு போனார்கள். மச்சான் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அத்தை திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஜன்னல் திறந்தே கிடந்தது.

மே 11, ஞாயிறு

ஒன்பது மணி வரை தூங்கினேன். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி படுத்தேன்.

மே 15, வியாழன்

கேப் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் முதலாளி. இன்று ஆறு. ஒன்றும் திரும்பி வராது என்று கைக்கே தெரிகிறது.

மெழுகு வீட்டில் வாஷிங் மெஷின் மாற்றப் போகிறார்களாம். "உன் மெஷின் மாதிரி இன்டர்நெட் வெச்சது வாங்கலாங்கறா வீட்ல. உண்மையைச் சொல்லுய்யா. பிரயோஜனம் உண்டா, இல்ல வெறும் பகட்டா?"

கையில் இருந்த பல்லைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். அவர் காத்துக்கொண்டே இருந்தார்.

"துணி நல்லா துவைக்குது" என்றேன்.

மே 25, ஞாயிறு

காலையில் மச்சான் வீடியோவில் வந்தான். கையில் சீப்பு.

"அத்தான், அம்மா தலை ஒரே சிக்கு. அவளையும் தொட விட மாட்டேங்கறாங்க, என் பொண்ணையும் விட மாட்டேங்கறாங்க. மாப்பிள்ளைகிட்ட கேட்டுட்டு வான்னு சொல்றாங்க. நான் அங்க இருந்தப்பவும், குளிக்கப் போற நேரத்துல நீங்களா பின்னிவிட்டீங்க?"

"ஆமா. வலது கை தோளுக்கு மேல போகாதே அவங்களுக்கு."

"எவ்வளவு நாளா?"

"அது இருக்கும் ஒரு வருஷம்."

போனை எதிரே ஏதோ அலமாரியில் சாய்த்து வைத்தான். அத்தையின் முதுகும் நரைத்த தலையும் தெரிந்தன. நான் சொல்லச் சொல்ல அவன் செய்தான். நுனியிலிருந்து ஆரம்பி, மேலிருந்து இழுக்காதே. காதுக்குப் பின்னால் சீப்பு வேண்டாம், விரலால் பிரி. வலது பக்கம் முடி கம்மி, அங்கே இறுக்கினால் தலை வலிக்கும். என் கை தானாகக் காற்றில் பின்னிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அவர்களுக்கு என் முகம் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"நீ இழுக்கற" என்றார் அத்தை.

"இல்லம்மா."

"அவர் இழுக்க மாட்டார்."

"மெதுவா, மச்சான்" என்றேன்.

இருபது நிமிடம் ஆயிற்று. பின்னல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. அத்தை இடது கையைப் பின்னால் கொண்டுபோய், மேலிருந்து கீழே வரை தடவிப் பார்த்தார்.

"நாளைக்கு இன்னும் நல்லா வரும்" என்றார். அவனிடம்தான் சொன்னார்.